நிழல் வடக்கே விழும் ஊருக்கு

அன்புத் தங்கைக்கு,

திருப்புவனத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. ஆறு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், வருகிற மே விடுமுறையில் கணவருடன் எகிப்து போகிறீர்கள். பயண ஏற்பாடு செய்பவர் பிரமிடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார். உங்களுக்கோ அலெக்சாந்திரியாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் அந்த ஊரில், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி நமக்கு என்ன இருக்கிறது? இரண்டு நாள் ஒதுக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வி இன்னும் சிலருக்கும் இருக்கும் என்பதால் இதழிலேயே பதில் எழுதுகிறேன்.

ஒதுக்குங்கள். யோசிக்காமல் ஒதுக்குங்கள். விசா, விமானம் எல்லாம் உங்கள் கணவர் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, மனதளவில் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பயணத்தை விமான நிலையத்தில் தொடங்காதீர்கள், வைகையில் தொடங்குங்கள். கீழடி உங்களுக்குப் பக்கத்து ஊர். பிள்ளைகளைப் பலமுறை கூட்டிப் போயிருப்பீர்கள். இந்த முறை தனியாகப் போங்கள். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் 'ஆதன்' என்றும் 'குவிரன்' என்றும் தமிழ்ப் பிராமியில் கீறிய ஓட்டாஞ்சல்லிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பானைக்குச் சொந்தக்காரர் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். எழுத்து கோணலாக இருக்கிறது. ஆனால் தயக்கம் இல்லாத கை. அந்தக் கையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எகிப்திலும் அப்படி ஒரு கை இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து அழகன்குளம் போய் வாருங்கள். வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. வெள்ளம் வந்த வருடத்தில்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற சிற்றூரின் ஓரமாகக் கடலைத் தொடும். அந்த முகத்துவாரத்தை ஒட்டியதுதான் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பலமுறை அகழ்ந்த இடம். மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைசல்களும் ரோமானியக் காசுகளும் அங்கே கிடைத்தன. ஒரு பானையோட்டின் மேல் பாய்மரக் கப்பல் ஒன்றை யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். மதுரைக்குக் கடல் இல்லை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். 258 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் நுனியில் மதுரைக்கு ஒரு கடல் இருந்தது. அதை நாம்தான் மறந்துபோனோம்.

இனி அந்தப் பக்கம் வருவோம். கி.பி. 77 வாக்கில் பிளினி என்ற ரோமானியர் எழுதிய பெருநூலில், அலெக்சாந்திரியாவின் புறநகரிலிருந்து நம் கரைக்கு வரும் வழி நாள் கணக்கோடு இருக்கிறது. நைல் நதியில் எதிரேறிக் கோப்டோஸ் என்ற ஊருக்குப் 12 நாள். அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து செங்கடல் ஓரத்துப் பெரனிகே துறைக்கு இன்னொரு 12 நாள். வெயிலுக்குப் பயந்து இரவில்தான் ஒட்டகங்கள் நடக்கும். பிறகு கப்பலில் அரேபியாவின் முனைக்கு 30 நாள், அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் முசிறிக்கு 40 நாள். முசிறியில் கடற்கொள்ளையர் தொல்லை உண்டு, அதைவிடப் பாண்டியனின் துறை மேல் என்று எழுதிவிட்டு, அந்தப் பாண்டியன் துறையில் குடியிருப்பதில்லை, வெகு தொலைவில் உள்நாட்டில் 'மொதுரா' என்ற நகரில் இருக்கிறான் என்கிறார். மேற்கு மலையின் மிளகு மரத்தோணிகளில் வந்து அந்தத் துறையில் இறங்கியதாம். மதுரையின் பெயர் மிளகோடு சேர்ந்துதான் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலேயே வாழ்ந்த தாலமி, தான் அறிந்த உலகத்தின் ஏறத்தாழ 8,000 இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் போட்டார். அதில் பாண்டியனின் தலைநகரம் என்ற குறிப்போடு நம் ஊரும் இருக்கிறது. அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வந்து போன மாலுமிகளும் வணிகர்களும் சொன்னவற்றையும், அவருக்கு முன் எழுதியவர்களின் குறிப்புகளையும் வைத்துத்தான் எழுதினார். நீங்கள் போகும் ஊரில் உட்கார்ந்து, ஏறத்தாழ 1,850 வருடத்துக்கு முன், ஒருவர் நம் ஊர்ப் பெயரை எழுதினார். அவருக்காக ஒருமுறை போய் நின்றுவிட்டு வரலாம்தானே?

கீழடியில் பார்த்த கையைப் பற்றிச் சொன்னேன். செங்கடல் துறைகளான பெரனிகேயிலும் குசைர் அல் கதீமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. 'கணன்', 'சாத்தன்' என்ற பெயர்கள் குசைரில். பெரனிகேயில் ஒரு மதுச்சாடி உடைசலில் 'கொற்ற' என்று தொடங்கும் பெயர். குசைரில் கிடைத்த இன்னொரு ஓட்டில் இருந்த எழுத்தை ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள். என் பாட்டி வீட்டு அடுப்படி உத்தரத்தில் அப்படி ஓர் உறி தொங்கியது. மோர்ப்பானையும் வெண்ணெய்க் கிண்ணமும் பூனைக்கு எட்டாத உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். ஆடும் கப்பலில் பானை உருளாமல் இருக்க அதைவிட நல்ல வழி எது? அரசனைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ அந்த ஓடு ஒன்றும் சொல்லவில்லை. இன்ன பானை இன்ன இடத்தில் தொங்க வேண்டும் என்று ஒரு சமையல்காரரோ சரக்குக்காரரோ தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அலெக்சாந்திரியா போகும் வழியில் நம்மவர் விட்டுச்சென்ற தடங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

சரக்கு நகரத்துக்குள் எப்படிப் போயிற்று என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-இல் படித்து வெளியிட்டார்கள். முசிறியிலிருந்து திரும்பிய 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு ஒரு பக்கம், கடன் ஒப்பந்தம் மறுபக்கம். சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரர்களிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனம் கடத்தி, கோப்டோஸில் அரசுக் கிட்டங்கியில் வைத்து முத்திரையிட்டு, பிறகு நைல் படகில் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அங்கே நான்கில் ஒரு பங்கு சுங்கம். அந்த ஒரு கப்பலின் சரக்கு மட்டும் ரோமானியக் காசில் ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ் மதிப்பு.

அலெக்சாந்திரியா என்றதும் கடலையும் கலங்கரை விளக்கத்தையும்தான் நினைக்கிறோம். நம் சரக்கோ கடல்வாசலைப் பார்க்கவே இல்லை. ஆற்றில் வந்து, கால்வாயில் திரும்பி, நகரத்துக்குத் தெற்கே இருக்கும் மரியூத் ஏரி வழியாகக் கொல்லைப்புறமாக நுழைந்தது. ஏரித்துறைதான் கடல்துறையைவிட வளமானது என்று, அங்கே தங்கி எழுதிய ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் சொல்கிறார். ஆகவே நீங்களும் அந்தப் பக்கமாகவே போங்கள். கெய்ரோவின் ராம்சேஸ் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள். பென்ஹா, தந்தா, தமன்ஹூர் என்று ஊர்கள் போகப் போக, வாய்க்கால், வரப்பு, நெல் வயல், கழுதை வண்டி, ஈச்சமரத்துக்குப் பதில் பேரீச்சை. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர்ப் பக்கத்தை மழை இல்லாமல் விரித்துப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. சிதி காபர் நிலையத்தில் பாதிக் கூட்டம் இறங்கும். நீங்கள் இறங்க வேண்டாம். கடைசி நிறுத்தமான மிஸ்ர் நிலையம் வரை போங்கள்.

முதல் நாள் கடலுக்குப் போகாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கோம் எல் திக்கா. போலந்து நாட்டுத் தொல்லியலாளர்கள் 1960 முதல் தோண்டிய இடம். எல்லாரும் அங்கே இருக்கும் பளிங்குப் படிக்கட்டு அரங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஆசிரியை. அரங்கத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன அறைகளுக்குப் போங்கள். மூன்று பக்கமும் படிப்படியாகக் கல் இருக்கை. நடுவில், கொஞ்சம் உயரத்தில், ஒற்றை இருக்கை. சுமார் 1,500 வருடத்துக்கு முந்தைய வகுப்பறைகள். இருபதுக்கு மேல் இருக்கின்றன. அந்த ஒற்றை இருக்கையைப் பார்த்தபோது, என் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு ஒரு டாக்சி பிடித்து கோம் எல் ஷுகாஃபா. 1900-இல் ஒரு கழுதை பள்ளத்தில் விழப்போய் வெளிப்பட்ட நிலத்தடிக் கல்லறை. எகிப்திய நாய்த்தலைக் கடவுள் அங்கே ரோமானியச் சிப்பாய் உடுப்பில் காவல் நிற்கிறார். பல ஊர் மனிதர்கள் சேர்ந்து வாழ்ந்த துறைமுகத்தில் சாமிகளும் அப்படித்தான் கலந்திருக்கிறார்கள். செத்தவர்களைப் பார்க்க வந்த உறவினர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை உண்டு. அந்த இடத்தின் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஓட்டாஞ்சல்லி மேடு. கீழடியின் பள்ளிச்சந்தைத் திடலில் கால் வைத்தால் நொறுங்கும் சத்தம் அங்கே உங்களுக்குக் கேட்கும்.

பக்கத்திலேயே செராபிஸ் கோயில் இருந்த குன்று. ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில் அசுவான் சிவப்புக் கருங்கல்லில் ஒரு தூண் மட்டும் நிற்கிறது. செராபிஸ் என்ற பெயரை மறக்க வேண்டாம். பெரனிகேயில் இந்தக் கடவுளுக்கு இருந்த கோயிலின் வளாகத்தில்தான், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

இரண்டாம் நாள் கடல். காலையிலேயே கைத்பே கோட்டைக்குப் போய்விடுங்கள். உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில், அதன் கற்களையும் சேர்த்து, 1477-இல் சுல்தான் கைத்பே கட்டத் தொடங்கிய கோட்டை. அந்த விளக்கம் 100 மீட்டருக்கு மேல் உயரம் என்கிறார்கள். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்துப் பாருங்கள், அவ்வளவு.

அந்த மதிலோரம் நின்று ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலும் அலெக்சாந்திரியாவிலும் நடந்து திரிந்ததாகத் தன் வாயால் சொல்லியிருக்கும் மனிதர், மொராக்கோவின் இபின் பதூதா. 1326-இல் அவர் அந்த விளக்கத்துக்குள் போனபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1340-களில் மதுரைக்கு வந்தார். அப்போது இங்கே சுல்தான்களின் ஆட்சி. சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. ஊரில் கொள்ளைநோய். இவருக்கும் காய்ச்சல் கண்டது. இங்கே ஏராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு போய், உடம்பு தேறியது என்று எழுதி வைத்திருக்கிறார். 1349-இல் திரும்ப அலெக்சாந்திரியா போனபோது விளக்கம் வாசலைக்கூட அடைய முடியாத அளவுக்கு இடிந்து கிடந்தது. உயிர் தப்ப நம் ஊர்ப் புளி உதவிய மனிதர்தான் அந்த அதிசயத்தின் கடைசிக் காலத்துக்குச் சாட்சி.

வெயில் ஏறியதும் கடைத்தெருவில் 'தமர் ஹிந்தி' கேளுங்கள். இந்தியப் பேரீச்சை என்று பொருள், நம் புளிதான். சர்க்கரை போட்டுக் கரைத்துக் குளிரக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவில் ஊற்றும் பானகம் நினைவுக்கு வந்து, இரண்டாவது டம்ளர் வாங்கினேன். மசாலாக் கடையில் 'ஃபில்ஃபில் அஸ்வத்' என்றால் மிளகு தருவார்கள். அந்த 'ஃபில்ஃபில்' வடமொழிப் 'பிப்பலி'யின் வழியில் வந்தது. நம் திப்பிலிக்குச் சொந்தம். மதியம் அன்ஃபூஷிக்கு நடந்து போங்கள். மரப்படகுகளை இன்றும் கையால் கட்டுகிறார்கள். பக்கத்துக் கடைகளில் மீனை நீங்களே பொறுக்கி எடையிட்டுக் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள். மீன் வேண்டாம் என்றால் பருப்பும் சோறும் பொரித்த வெங்காயமும் கலந்த கோஷரி இருக்கிறது. மாலையில் 2002-இல் திறந்த புதிய நூலகம். அதன் சாய்ந்த வட்டக் கூரை கடலைப் பார்த்திருக்கும். நேரம் இருந்தால் 2023-இல் புதுப்பித்துத் திறந்த கிரேக்க ரோமானிய அருங்காட்சியகமும்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள் அல்லவா? அதைப் பற்றி ஓர் அண்ணனாகக் கொஞ்சம் கண்டிப்போடு சொல்கிறேன். உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். பாண்டியன் ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் தூது அனுப்பினான் என்று மேடைதோறும் கேட்கிறோம். ஸ்ட்ராபோ எழுதியிருப்பது, அனுப்பியவன் பாண்டியன் என்று சிலரும் போரஸ் என்ற வேறோர் அரசன் என்று சிலரும் சொல்கிறார்கள் என்பதுதான். அந்தியோக்கியா நகரில் அந்தத் தூதரைக் கண்ட நிகோலஸ் என்பவர் பார்த்த கடிதம் போரஸின் பெயரில் இருந்தது. வழியின் நீளத்தால் பலர் இறந்து மூவரே மிஞ்சியிருந்தனர் என்றும் அவர் குறித்திருக்கிறார். இரண்டு பெயரையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த மூவரின் களைப்பையும் சொல்லுங்கள். 'அரிசி'யிலிருந்துதான் அதற்கான கிரேக்கச் சொல் வந்தது என்ற கூற்று இன்னும் வாதத்தில் இருக்கிறது. அதையும் வாதமாகவே சொல்லுங்கள்.

பெருமையோடு வலியையும் சொல்லுங்கள். கொற்கை முத்து ரோமானியச் சீமாட்டிகளின் காதில் ஆடியது உண்மை. அந்த முத்துக்காகக் கடலில் இறங்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று, எகிப்திலிருந்து வந்த பெயர் தெரியாத வணிகர் ஒருவரின் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. தங்கம் நமக்கு வேண்டியிருந்தது. அவர்கள் அரசனின் முகம் வேண்டியிருக்கவில்லை. இப்படி முழுதாகச் சொன்னால்தான் அந்தக் காலத்து மனிதர்கள் பிள்ளைகளுக்கு மனிதர்களாகத் தெரிவார்கள். நிச்சயமான ஒரு சின்ன ஓடு, நிச்சயமில்லாத பத்து சாம்ராஜ்யக் கதைகளைவிட அதிக நாள் நிற்கும்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாக மடங்குவது போதும்.

பேரரசர் கிளாடியஸின் காலத்தில், கி.பி. 41-க்கும் 54-க்கும் இடையில், இலங்கையிலிருந்து நான்கு தூதர்கள் ரோமுக்குப் போனார்கள். அங்கே அவர்களை வியக்க வைத்தவற்றில் ஒன்று, தங்கள் நிழல் வடக்கே விழுந்தது என்று பிளினி எழுதுகிறார். நம் பக்கத்திலிருந்து அந்தக் கடலுக்குப் போனவர்களின் வியப்பு அப்படியே பதிவாகியிருப்பது அரிது. மாளிகையையும் கூட்டத்தையும் விடுங்கள்; காலடியில் கிடந்த நிழல் அவர்களுக்கு ஊர் மாறிவிட்டதைச் சொல்லியிருக்கிறது. அதே நிழலை வைத்துத்தான், அவர்களுக்கு முந்நூறு வருடத்துக்கு முன், அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர் எரடோஸ்தெனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

மே மாத நடுவில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். உங்கள் மாணவர் நான்கு பேரிடம் சொல்லி வையுங்கள்: திருப்புவனத்தில் வீட்டு முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளக்க வேண்டும். அது தெற்கே, ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் விழும். அதே நாள் நீங்கள் அலெக்சாந்திரியாக் கடற்கரைச் சாலையில் அதே போல அளந்து பாருங்கள். உங்கள் நிழல் வடக்கே, கடல் பக்கமாக, ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் விழும். இரண்டு நிழலின் கோணங்களையும் கூட்டினால் 21 பாகைக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரம் சுமார் 2,370 கிலோமீட்டர். 360 பாகைக்கு எவ்வளவு என்று அவர்களையே பெருக்கச் சொல்லுங்கள். 40,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்போது அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டிய தேவையே இருக்காது. தாலமி கேள்விப்பட்டு எழுதிய ஊரில் நான்கு பிள்ளைகள், அவர் உட்கார்ந்து எழுதிய ஊரில் அவர்களுடைய டீச்சர். நடுவில் ஒரே சூரியன். ஊர் திரும்பியதும் அளந்து வந்த எண்களை எனக்கு எழுதுங்கள். முதலில் பிள்ளைகள் அளந்ததை, பிறகு உங்களுடையதை.

கடலோரக் காற்று தலையைக் கலைக்கும். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் அண்ணன்